ரெனே கிவிஸ்டோவும் இரண்டரை விநாடியும்

டலூத் நகரத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டும் ரெனே கிவிஸ்டோவை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும். அதில் ஆறு வருடம் அவளை மறித்து நிற்பதுதான் என் வேலையாக இருந்தது. பிழைப்புக்கு நான் பார்ப்பது பேக்கரி வேலை. ரெனேயை மறிப்பது சனிக்கிழமை வேலை.

எங்கள் ஊரில் ஹார்பர் லூன்ஸ் என்று ஒரு பெண்கள் அணி இருக்கிறது. தலைக்கவசமும் தோள்பட்டைக் கவசமும் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தோடு மோதிக்கொள்ளும் அமெரிக்கக் கால்பந்து. நான் எங்கள் பந்தெறிபவளைக் காக்கிற ஐந்து பேரில் வலது ஓரம். ரெனேயும் அதே அணிதான், ஆனால் எதிரணிப் பந்தெறிபவளைச் சாய்க்கப் பாய்கிற நால்வரில் ஒருத்தி. ஆட்டத்தன்று இருவரும் சேர்ந்து மைதானத்தில் நிற்க மாட்டோம். எங்கள் பக்கம் பந்து இருந்தால் நான் உள்ளே, எதிரணியிடம் இருந்தால் அவள் உள்ளே. பயிற்சியில் மட்டும் நேருக்கு நேர். அங்கே அவள் என்னைத் தாண்டியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. நல்ல அகலமான தோள், சிவந்த கன்னம், எதற்கும் சட்டென்று சிரித்துவிடும் முகம். ஆறு வருட ஆட்டத்தில் அவள் பெயருக்கு எதிரே அரைச் சாய்ப்பு பதிவாகியிருந்தது. இருவர் சேர்ந்து பந்தெறிபவளைப் பிடித்து விழுத்தினால் ஆளுக்குப் பாதி என்று எழுதுவார்கள். அன்று அவள் கணவன் அர்லோ ஒரு கேக் செய்து, சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் மைதானத்துக்குக் கொண்டுவந்தான். மற்றப் பாதி எங்கே என்று கேட்டதற்கு, "அதை அவ இன்னும் சம்பாதிக்கலையே" என்றான். ரெனேதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். ஆனாலும் அந்த அரை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

கதை தொடங்குவது ஒரு ஜூலை மாதம், ஆட்டக் காலம் முடிந்து ஏரிக்கரையில் நாங்கள் எல்லோரும் கூடித் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது. எங்கள் பயிற்சியாளர் லோர்னா போலியூ ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். அவர் ஐம்பது வயதுக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். அதனால்தான் எங்களுக்கு அவரிடம் பயம்.

"எட்டு ஆட்டம். எதிரணி பந்தெறிபவளை நாம சாய்ச்சது மொத்தம் மூணு தடவை. அதுல ஒண்ணு, அவளே சேத்துல வழுக்கி விழுந்தது."

"விழுந்தவ எந்திரிக்காம மேல உட்கார்ந்தது நான்தானே கோச்! அதுக்கு மதிப்பே இல்லையா?" என்றாள் ஒடெஸா. அவள் ஆம்புலன்ஸில் வேலை பார்ப்பவள். அணியிலேயே வேகமான கால் அவளுடையது, வாயும் அப்படித்தான்.

"ஃபார்கோகாரி டாம்சின் இருக்காளே," லோர்னா விடுவதாக இல்லை. "நம்ம கூட ஆடுறப்போ பந்தைக் கையில வெச்சுக்கிட்டு நின்னு, நிதானமா நாலு பக்கமும் பாத்து, பிடிச்ச ஆளுக்கு எறியறா. காப்பி குடுத்திருந்தா அதையும் குடிச்சிருப்பா. அடுத்த வருஷம் இப்படி நடக்கக் கூடாது. புது ஆள் வரப்போறதில்ல. இருக்கிற நாலு பேர்தான். ரெனே, இது உன் பொறுப்பு."

"நானா? நாலு பேர்ல மெதுவா ஓடுறவ நான்தானே கோச்!"

"அதனாலதான். வேகமா ஓடுறவளுக்குத் தன்கிட்ட என்ன தப்புன்னு யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்ல."

ஒடெஸா தன் தொத்திறைச்சியைத் தணலில் திருப்பிப் போட்டாள்.

ரெனே அந்தக் கோடை முழுவதும் யோசித்திருக்கிறாள். அக்டோபரில் ஒரு காலை பேக்கரிக்கு வந்தாள். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கோர்லிஸ், ஒண்ணு கேக்கிறேன். உண்மையைச் சொல்லணும்" என்றாள்.

"கோதுமை ரொட்டியா? அது நேத்து சுட்டதுதான்."

"ரொட்டி இல்லடி. என்னைத் தடுக்கிறது உனக்கு ஏன் இவ்வளவு சுலபமா இருக்கு?"

எனக்குச் சொல்ல மனமே இல்லை. சொன்னால் அடுத்த வசந்தத்தில் இருந்து என் சனிக்கிழமைகள் நாசம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் பொய்யும் வரவில்லை.

"நீ பந்தைப் பாக்குறதே இல்ல. எங்க பந்தெறியறவ 'ஹட்'னு கத்துற சத்தத்துக்குக் காத்திருக்க. எத்தனாவது சத்தத்துக்குப் பந்து கைமாறும்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அரை விநாடி அங்கயே போச்சு. ரெண்டாவது, குனிஞ்சு தலையை நேரா என் நெஞ்சுல கொண்டுவந்து முட்டுற. நான் சும்மா நின்னாப் போதும். மூணாவது..."

"என்ன மூணாவது?"

"நேரா முட்ட வரப்போறேன்னா, தரையில ஊணின கையோட விரல்முட்டி வெளுத்துப் போகும். ஓரமா சுத்தி வரப்போறேன்னா வெளுக்காது. ஆறு வருஷமா உன் விரலைப் பாத்துத்தான் பிழைச்சுக்கிட்டிருக்கேன்."

அவள் தன் கையைத் தூக்கி, யாரோ மூன்றாம் மனுஷியின் கையைப் போலப் பார்த்தாள். "ஆறு வருஷமா சொல்லாம இருந்தியா, பாவி!"

"சொல்றதுக்கு நான் என்ன உன் கூட்டாளியா?"

"ஒரே அணிடி நாம!"

"பயிற்சியில இல்ல."

வரிசையில் நின்றிருந்த ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். ரெனே ரொட்டியை வாங்கிக்கொண்டு போனாள். போகும்போதே சொல்லிவிட்டாள்: "சனிக்கிழமை காலையில ஒன்பது மணி. நீயும் வர. மறிக்க ஆள் வேணும்ல."

இடம், ஏரிக்கு மேலே மேட்டில் இருக்கும் லூத்தரன் தேவாலயத்தின் பின்புறம், வண்டி நிறுத்தும் வெளி. ரெனே தன் சொந்தப் பிக்கப் வண்டியில் தகடு மாட்டி அந்த வெளியின் பனியைத் தள்ளிக் கொடுப்பாள். நாங்கள் படிகளைச் சுத்தம் செய்வோம். பதிலுக்கு சனிக்கிழமை காலை இடம் எங்களுடையது. பாஸ்டர் ஹால்வர்சன் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். ஓடிச் சென்று தொடுவதற்கு ஏதாவது நிற்கவைக்க வேண்டும் என்று ரெனே கேட்டதும், கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் பிளாஸ்டிக் பொம்மைகள் கிடந்த அறையைத் திறந்துவிட்டார்.

"மூணு ஞானிகள்ல யாரை வேணும்னாலும் எடுத்துக்கோங்கம்மா. யோசேப்பை மட்டும் தொடாதீங்க, ஏற்கனவே ஒரு கை ஒட்டவெச்சது."

ஆகவே அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்களுக்கு எதிரணிப் பந்தெறிபவள், தங்கக் கிண்ணம் ஏந்திய ஒரு ஞானி. அவருக்கு நாங்கள் டாம்சின் என்று பெயர் வைத்தோம்.

முதலில் சத்தத்தை ஒழிக்க வேண்டும். ரெனே தன் வேலையிடத்தில் காதுக்கு மாட்டும் தடுப்புகளை நால்வருக்கும் கொண்டுவந்தாள். அர்லோவின் மீன்பிடி நூலின் ஒரு முனையைப் பந்தில் கட்டி, மறுமுனையை என்னிடம் கொடுத்தாள். நான் நூலைச் சுண்டினால் பந்து நகரும். பந்து நகர்ந்த கணத்தில் நால்வரும் பாய வேண்டும். காது கேட்காது, கண் மட்டும்தான். பத்து சனிக்கிழமை இப்படி ஓடிய பிறகு காதுத் தடுப்பைக் கழற்றச் சொன்னாள். இப்போது நான் தொண்டை கிழிய "ஹட்! ஹட்!" என்று கத்துவேன். ஆனால் நூலைச் சுண்ட மாட்டேன். அசைந்தவளுக்குத் தண்டனை உண்டு. புதன்கிழமை மாலை தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் வாராந்தர விருந்து நடக்கும், காட்டரிசி சூப்பும் ரொட்டியும். அசைந்தவள் அங்கே பாத்திரம் கழுவ வேண்டும்.

முதல் புதன் நான்கு பேரும் கழுவினார்கள். ஒடெஸா மூன்று தடவை அசைந்திருந்ததால் பெரிய அண்டாக்கள் அவளுக்கு. இரண்டாம் புதன் மூவர். நான்காம் புதன், சூப் குடிக்க வந்த எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டு பாஸ்டர் முறையிட்டார். "என்னம்மா இது? இந்த வாரம் ஒருத்திகூட தப்புப் பண்ணலையா? கீழ அவ்வளவு பாத்திரம் கிடக்கே!"

"கோர்லிஸைக் கழுவச் சொல்லுங்க பாஸ்டர்," என்றாள் ரெனே. "ஏமாத்த முடியாமத் தோத்தது அவதானே." கடைசியில் நான்தான் கழுவினேன்.

அடுத்தது கை. மறிப்பவள் கையை நீட்டி நெஞ்சில் பிடிக்க வருவாள். அந்தக் கையை மணிக்கட்டில் தட்டிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். நான் பேக்கரி அடுப்புக்குப் போடும் தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டு கையை நீட்டி நிற்பேன். நால்வரும் மாற்றி மாற்றித் தட்டுவார்கள். திங்கட்கிழமை மாவுத் தட்டைத் தூக்கும்போது என் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும். பிறகு வளைவு. ரெனே பிக்கப்பால் பனியில் ஒரு பெரிய வட்டம் போட்டுக் கொடுத்தாள். அதைச் சுற்றி உடம்பைச் சாய்த்து, வேகம் குறையாமல் ஓட வேண்டும். விழுந்தால் பனிக்குவியல். அந்தக் குவியல்களில் எங்கள் உடம்பின் அச்சு பதிந்து கிடக்கும். ஞாயிறு வழிபாட்டுக்கு வருகிறவர்கள் அது யார், இது யார் என்று பந்தயம் கட்டுவார்களாம்.

மார்ச் இரண்டாம் வாரம் லோர்னா நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு வந்தார். பந்து கைமாறியதிலிருந்து எறிபவளைத் தொடும்வரை எத்தனை விநாடி? நல்ல எறிபவள் இரண்டரை விநாடியில் பந்தை விட்டுவிடுவாள். அதற்குள் போய்ச் சேர வேண்டும். நான் மறிக்க நின்றேன். ஒடெஸா என் கையைத் தட்டிவிட்டு, ஓரமாகச் சாய்ந்து, ஞானியின் கிண்ணத்தைத் தொட்டாள். இரண்டு புள்ளி நான்கு. எல்லோரும் கத்தினோம்.

ரெனேயின் முறை வந்தது. விரல்முட்டி வெளுக்கவில்லை. பந்து நகர்ந்த அதே கணம் அவளும் நகர்ந்தாள். என் கையைத் தட்டினாள். அவளிடம் நான் குறை என்று சொன்ன எதுவும் இப்போது இல்லை. மூன்று புள்ளி இரண்டு. இன்னொரு முறை ஓடினாள். மூன்று புள்ளி மூன்று. மறுபடியும் மூன்று புள்ளி இரண்டு.

அவள் சிரித்துக்கொண்டே, "போன வருஷம் இருந்ததுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் பிக்கப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். ரெனே கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை.

நான் இரண்டு கோப்பை காப்பியோடு போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். அவள் கண்ணாடி வழியே வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் சரி பண்ணியாச்சு," என்றாள். "கால் மட்டும் என் கால்தான். அதை மாத்த முடியாது. இல்லையா?"

"முடியாது," என்றேன். அவளிடம் பூசி மெழுகிப் பயனில்லை.

"ஒரே ஒரு தடவை முழுசா ஒருத்தியைச் சாய்ச்சுப் பாக்கணும்னு ஆசைடி. சின்னப் பிள்ளை மாதிரி இருக்கு சொல்றதுக்கு."

"எல்லாருக்கும்தான் இருக்கும். நான் ஆறு வருஷமா பந்தையே தொட்டதில்ல."

அவள் சிரித்தாள். காப்பி பாதி குடித்தாள். திடீரென்று கோப்பையை என் கையில் திணித்துவிட்டு முன்னால் குனிந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது வண்டியின் முன்னால் மாட்டியிருந்த பனித்தகட்டை.

"கோர்லிஸ், இந்தத் தகடை நேரா வெச்சு ஓட்டினா என்ன ஆகும்?"

"எனக்கென்ன தெரியும்? ரொட்டி சுடுறவகிட்ட கேளு."

"பனி முன்னாடியே குவியும். வண்டி திணறும். சாய்ச்சு வெச்சாத்தான் பனி ஒரு ஓரமா ஒதுங்கும், பின்னாடி வர்ற காருக்கு வழி கிடைக்கும். பதினாறு வருஷமா தினம் செய்றேன். மைதானத்துல மட்டும் ஏன் நேராவே போய் முட்டிக்கிட்டிருந்தேன்?" என் பக்கம் திரும்பினாள். "என்னை நிறுத்த எத்தனை பேர் வேணும்?"

"ஒருத்தி. நான்."

"ரெண்டு பேர் வேணும்னு ஆயிட்டா?"

அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். காப்பி என் மடியில் கொட்டியதை அவள் கவனிக்கவே இல்லை.

அவள் செய்தது இதுதான். ஓரத்து இடத்தை ஒடெஸாவுக்குக் கொடுத்துவிட்டு, தான் ஒரு அடி உள்ளே தள்ளி நின்றாள். பந்து நகர்ந்ததும் நேரே வராமல், எனக்கும், அன்று என்னோடு மறிக்க வந்து பக்கத்தில் நின்ற இன்னொருத்திக்கும் நடுவே நுழைந்து, சாய்வாக என் விலா மீது வந்து விழுந்தாள். நான் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டேன். பக்கத்தில் நின்றவள் ரெனேயைப் பிடிக்க என்னோடு ஒட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் இருவரையும் அவள் வாரிக்கொண்டு போனாள். நாங்கள் இருந்த இடம் காலி. ஒடெஸா ரெனேயின் முதுகுக்குப் பின்னால் சுற்றி அந்தக் காலி இடத்தில் ஓடினாள். ஞானியைத் தொட்டபோது அவளை யாரும் தொட்டிருக்கவில்லை.

லோர்னா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரெனேயைப் பார்த்தார். "இப்படி ஆடினா சாய்ப்பெல்லாம் ஒடெஸா கணக்குல போகும். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் கோச். போகட்டும்."

"எனக்குக் கேக் பிடிக்கும்," என்றாள் ஒடெஸா.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை ஃபார்கோ அணி எங்கள் ஊருக்கு வந்தது. ஏரியிலிருந்து காற்று ஊசியாகக் குத்தியது. போர்வையும் சூடான பானமுமாக முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் முதல் வரிசையில். டாம்சின் ரூர்க் அதே மிடுக்கோடு மைதானத்துக்குள் வந்தாள். சென்ற வருடம் எங்களை அவள் அதிகம் அவமானப்படுத்தியது எறிந்து அல்ல, கத்தித்தான். பந்து கைமாறாமலேயே பொய்யாக "ஹட்!" என்று கத்தி, எங்களவர்களை முன்கூட்டியே பாயவைத்து, ஒரே ஆட்டத்தில் ஏழு தண்டனை வாங்கிக் கொடுத்தாள்.

முதல் வாய்ப்பிலேயே அதைத்தான் செய்தாள். "ஹட்! ஹட்!" நால்வரில் ஒருத்தியும் இமைக்கவில்லை. டாம்சின் இன்னொரு முறை கத்தினாள். ஒடெஸா தரையில் ஊன்றிய கையை எடுக்காமலே, "தொண்டை வலிக்கப் போகுது, பாத்து!" என்றாள். எங்கள் ஓரத்தில் நின்று நாங்கள் சிரித்த சிரிப்பு நடுவர்வரை கேட்டது.

முதல் பாதியில் இரண்டு முறை டாம்சின் கீழே விழுந்தாள். இரண்டும் ஒடெஸா. எழுந்தபோதெல்லாம் தன் மறிப்பாளர்களைத் திட்டினாள். "யாருடி இந்த பதினெட்டாம் நம்பரைப் பாத்துக்கணும்?" என்று அவள் கத்த, "ரெண்டு பேரும் அந்தக் குண்டம்மாகிட்ட மாட்டிக்கிட்டோம்" என்று பதில் வந்தது. குண்டம்மா அதைக் கேட்டு மகிழ்ந்து போனாள். ஆட்டம் முடியும்வரை அந்தப் பெயரைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சில விநாடிகள். நாங்கள் நான்கு புள்ளி முன்னால். ஃபார்கோவிடம் பந்து, எங்கள் எல்லைக்கு இருபது கெஜம். அவர்களுக்கு மிச்சமிருந்தது ஒரே வாய்ப்பு. பந்து நகர்ந்தது. ரெனே சாய்வாகப் போய் விழுந்தாள். இம்முறை அவள்மீது இரண்டு பேர் அல்ல, மூன்று பேர் விழுந்தார்கள். ஒடெஸா வழி கண்டு பாய்ந்தாள். கூடவே மறு ஓரத்திலிருந்து எங்கள் நால்வரில் இன்னொருத்தியும். டாம்சினுக்குப் பார்க்க நேரமில்லை. பின்னால் சாய்ந்தபடியே பந்தை வீசினாள். அது யாருடைய கைக்கும் போகாமல், எங்கள் ஓரத்துக்கு வந்து, தண்ணீர் வைத்திருந்த பெரிய டப்பாவில் தொப்பென்று விழுந்தது. தண்ணீர் முழுவதும் என்மீது.

நாங்கள் எல்லோரும் உள்ளே ஓடினோம். மூன்று பேருக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"என்னடி ஆச்சு? யாராவது சொல்லுங்கடி!"

"ஜெயிச்சுட்டோம்!"

"எறிஞ்சாளா?"

"எறிஞ்சா. தண்ணி டப்பாவுல."

"நல்ல எறி," என்றாள் ரெனே உள்ளேயிருந்து. மேலே கிடந்த ஃபார்கோகாரி ஒருத்திகூடச் சிரித்துவிட்டாள்.

அந்தப் பருவத்தில் எட்டு ஆட்டங்களில் இருபத்திரண்டு சாய்ப்பு. ஒடெஸா பெயரில் பதினொன்று. மே மாத நடுவில் ரெனேவுக்கும் ஒன்று கிடைத்தது. அது நடந்த விதம் எங்கள் ஊரில் இன்றும் பேச்சு. அதற்குள் எல்லா அணிகளும் ஒடெஸாவைப் பார்த்தே பயப்படத் தொடங்கியிருந்தன. அன்று மறிப்பவர்கள் இருவரும் ஒடெஸாமீது பாய, ரெனேயை யாருமே தடுக்கவில்லை. தடுக்க ஆளில்லாமல் ஓடிப் பழக்கமில்லாததால் அவள் திகைத்து நின்றுவிட்டாள். ஒடெஸாவிடமிருந்து தப்பித் திரும்பி ஓடிவந்த பந்தெறிபவள் நேராக அவள் கைகளுக்குள் வந்து மோதினாள். ரெனே அவளைக் கட்டிக்கொண்டு, மெதுவாக, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோலப் புல்லில் படுக்க வைத்தாள். "அடி பட்டுச்சா?" என்றும் கேட்டாள். அர்லோ பார்வையாளர் பகுதியில் நின்று அழுதான். காற்றுதான் காரணம் என்று பிறகு சொன்னான்.

அரையிறுதியில் தோற்றோம். பக்கத்து ஊரான சுப்பீரியர் அணியின் பயிற்சியாளர் கெட்டிக்காரி. எங்கள் நால்வரும் எறிபவளைத் தேடி அவ்வளவு வேகமாகப் பாய்கிறார்கள் என்றால், அவர்கள் விட்டுப்போன இடத்தில் பந்தோடு ஓடினால் போதுமே என்று கண்டுபிடித்துவிட்டாள். எறியவே இல்லை. ஓடி ஓடியே ஜெயித்தார்கள். ரெனே திறந்த வழியிலேயே அவர்கள் ஓட்டக்காரி மூன்று முறை போனாள்.

லோர்னா அவளை உதவிப் பயிற்சியாளராகக் கூப்பிட்டார். இன்னும் இரண்டு வருடம் ஆடிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அக்டோபரில் முதல் பனி விழுந்த வாரம் பேக்கரிக்கு வந்தாள். நான் அவளைப் பார்த்ததுமே மணிக்கட்டைத் தடவிக்கொண்டேன்.

"இந்தத் தடவை ஓட்டத்தை நிறுத்தணும்," என்றாள். "பயிற்சியில உங்க ஓட்டக்காரி எந்தப் பக்கம் போவான்னு உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும்."

"அவ கால்ல ஏதாவது தெரியுமா? கண்ணுல?"

"முதல்ல ரொட்டி வாங்கு," என்றேன்.